ஆளுக்கொரு அமுக்கு

அன்றும் காலை ஏழு மணிக்கு முன்பே விளம்பரம் மறைந்துவிட்டது.

அவள் அடுப்படியில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். முட்டை வெந்துகொண்டிருந்தது. வெளியே தூறல். பின்வாசலில் தகரக் கூரையின் கீழே புருஷன் குந்தியிருந்தான்.

"ஏங்க, இன்னைக்கும் போச்சு."

"எது?"

"நம்ம பேரு. காணோம்."

அவன் நிமிரவில்லை. நீளமான இரும்புச் சுருளைத் தரையில் பரப்பி, எண்ணெய்த் துணியால் வளையம் வளையமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சாக்கடைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி அடைப்பை உடைக்கிற சுருள் அது. அதனாலேயே அவனுக்கு ஸ்பிரிங் என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் நிஜப்பெயரை யாராவது கேட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வாள்.

"கண்ணு முழிக்கிறதுக்குள்ள அத்தனை பேருக்கா சாக்கடை அடைக்குது?" என்றான். "அடைச்சவன் கூப்பிடணும்ல? ஒருத்தன் கூப்பிடலியே."

"அதான் எனக்கும் புரியல."

போனில் யாராவது சாக்கடை அடைப்பு என்று தேடினால், எல்லாருக்கும் மேலே, விளம்பரம் என்ற சின்ன எழுத்தோடு இவர்கள் பெயர் நிற்கும். சும்மா நிற்பதற்குக் காசு கிடையாது. யாராவது அதை அமுக்கினால்தான் காசு. அமுக்கியவன் கூப்பிட்டு வேலை கொடுத்தாலும் காசு, வேன் படத்தை வேடிக்கை பார்த்துவிட்டு மூடிவைத்தாலும் காசு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவள் வரம்பு கட்டியிருந்தாள். வரம்பு தீர்ந்ததும் பெயர் போய்விடும். மறுநாள்தான் திரும்ப வரும். ஆனால் ஜனங்கள் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவி, தண்ணீர் இறங்காமல் நிற்பதைப் பார்த்துத் தலையில் கைவைக்கிற நேரம் அதற்கப்புறம்தான் வரும். அப்போது தேடுகிறவன் கண்ணில் வேறு எவன் பெயரோ படும்.

விளம்பரத்தை ஏற்றியது அவள்தான். சலவைக் கம்பெனியில் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலையில் இருந்தவள். நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதும் வேலையை விட்டு, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். போன் இரண்டு வரி எழுதச் சொன்னது. முதல் வரியில் 'எந்த அடைப்பும் எடுத்துத் தரப்படும்' என்று எழுதினாள். இரண்டாவது வரிக்குப் புருஷனைக் கேட்டாள். அவன் வேனின் பின்கதவைக் காட்டினான். அதில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: 'குழிக்குள் ஆளை இறக்க மாட்டோம்.'

"இதைப் போட்டா எவன் கூப்பிடுவான்?" என்று அவளே கேட்டாள்.

"கூப்பிடுறவன் தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடட்டும்."

வேன் வாங்குவதற்கு முன்னால் அவன் ஒரு காண்டிராக்டரிடம் இருந்தான். அங்கே மழைக்காலத்தில் ஒருநாள் இவனுடைய கூட்டாளி பெருங்குழிக்குள் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் இவன். கயிறு கனத்தது. இழுத்தார்கள். வந்தது, ஆனால் ஆள் வரவில்லை, உடம்புதான் வந்தது. காண்டிராக்டர் மறுநாளே வேறு ஆளை இறக்கினார். அன்றைக்கு வேலையை விட்டவன், பழைய வேனையும் மிஷினையும் வாங்கிய பிறகு முதல் காரியமாகப் பெயிண்ட் டப்பாவை எடுத்தான்.

இப்போது வேலை வரத்து குறைந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரே கலர் வண்டி விட்டிருக்கிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். இஸ்திரிச் சட்டை, பேச்சும் இஸ்திரி போட்டதுதான். வேனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அவனுக்கு மாதச் சம்பளம், நிம்மதி என்றார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சில இடத்துல மிஷின் எட்டாது. அப்போ கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கும். மாஸ்க் எல்லாம் குடுப்போம். ஞாயித்துக்கிழமை வரேன், யோசிச்சு வைங்க" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

மதியத்துக்கு மேல் ஒரு வேலை வந்தது. அதுவும் விளம்பரத்தில் வரவில்லை. பெண்கள் விடுதி வாசலில் வேன் போகும்போது விடுதிக்காரம்மா குடையோடு நடுத்தெருவுக்கு ஓடிவந்து மறித்தாள்.

"போன்ல தேடித் தேடிப் பார்த்தேன், உங்க பேரே இல்லையே! போன மாசம் ஒருநாள் விடியக்காலையில பாத்தப்ப மேலேயே இருந்துச்சு. கடையை மூடிட்டீங்களோன்னு நினைச்சேன்."

"மூடலம்மா. மூட வைக்கப் பாக்குறாங்க" என்றான் ஸ்பிரிங்.

சமையலறைத் தொட்டிகளில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. மேலே கொழுப்பு வெள்ளைத் தோலாகப் படர்ந்திருந்தது. அவன் தொட்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து மூடியைத் திருகினான். நாற்றம் அடித்த அடியில் சமையல்காரி வாசலுக்குப் போய்விட்டாள். வேனில் கூடவே வந்திருந்த அவள் மட்டும் நகரவில்லை. மிஷின் சுவிட்சை மிதிப்பது அவள் வேலை.

"போடு."

அவள் மிதித்தாள். சுருள் உறுமிக்கொண்டு குழாய்க்குள் போனது. அவன் கையுறைக்குள்ளே விரல்களால் கேட்டுக்கொண்டிருந்தான். கொழுப்பு என்றால் சுருள் வழுக்கிக்கொண்டு போகும். துணி என்றால் சுற்றிப் பிடித்து மணிக்கட்டை முறுக்கும். வேர் என்றால் நெறநெறவென்று கையில் தெரியும்.

"நிறுத்து. துணி."

கையால் பின்பக்கம் சுழற்றி மெதுவாக இழுத்தான். ஒரு துடைப்புத் துணி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. மூன்றாவதாக ஒரு குழந்தைக் காலுறை. விடுதியில் குழந்தையே இல்லை. விடுதிக்காரம்மா அதைப் பார்த்து முழித்தாள். அதற்குள் தொட்டித் தண்ணீர் பெரிய ஏப்பம் விட்டு இறங்கியது.

திரும்பும்போது வேனில் அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"மாசச் சம்பளத்துக்குப் போறதா இருந்தா போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"ஒண்ணும் சொல்லலியே நான்."

"சொல்லாம இருக்கிறதுதான் பயமா இருக்கு. அந்த ஆளு செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னாரே, அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். உட்கார்ந்திருக்கிறப்ப எல்லாம் நிம்மதி நிம்மதின்னாரு. எந்திரிச்சப்புறம் இறங்கணும்னாரு."

அவன் கண்ணாடித் துடைப்பானைப் போட்டான். அது ஒருபக்கம் மட்டும்தான் ஓடியது.

"வண்டி நம்மளுதா இருந்தாத்தான் மாட்டேன்னு சொல்ல முடியும்" என்றான். "அடுத்தவன் வண்டியில உட்கார்ந்துக்கிட்டு மாட்டேன்னு சொன்னா, வண்டியை விட்டு இறங்குன்னுவான். குழியிலயோ தெருவுலயோ, ரெண்டுல ஒண்ணுல இறங்கித்தான் ஆகணும்."

*

சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. கழுத்து தோளோடு சேர்ந்துபோன உடம்பு. கையில் ஒரு பொட்டலம் ரொட்டி. நுழையும்போதே சிரிப்பு.

"என்னக்கா, எப்படிப் போகுது நம்ம விளம்பரம்? நல்லா மேல ஏறியிருக்குமே?"

"ஏறுது, ஏறுது. ஏழு மணிக்கெல்லாம் இறங்கிப் போயிடுது."

"இறங்குதா? எப்படி இறங்கும்?" ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

அவள் போனைத் திறந்து காட்டினாள். எந்த நேரத்தில் எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று கோடு கோடாகத் தெரியும். ஆறு மணிக்கு மேல் ஒரு கோடு மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. மற்றதெல்லாம் தரையோடு தரை. எந்தப் பகுதியிலிருந்து என்று பார்த்தால் எல்லாம் மார்க்கெட் பக்கம்.

"யாரோ வேணும்னே அமுக்குறாங்கடா. நம்ம காசு தீரட்டும்னு. தினம் அதே நேரம், அதே இடம்."

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினான். "மார்க்கெட் பக்கம்னா... மாமா, அந்த டேங்கர்காரர் ஷெட் எங்க இருக்கு?"

"மார்க்கெட் பின்னாடி" என்றான் ஸ்பிரிங்.

"அப்புறம் என்ன யோசனை? செப்டிக் டேங்க் உறிஞ்சுற டேங்கர் ரெண்டு வச்சிருக்காரு. உங்களைப் பாத்தா அவருக்கு எரியாதா? ஆளை வச்சு அமுக்குறாரு மாமா!"

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லடா."

"எல்லாரும் அப்படிப்பட்ட ஆளு இல்லாமத்தான் இருப்பாங்க, மாட்டுற வரைக்கும். காலையில போறோம். கையும் களவுமாப் பிடிக்கிறோம். என் அக்கா வயித்துல அடிக்கிறவனை நான் சும்மா விடமாட்டேன்."

"நீ பேசாத. நாங்க பேசிக்கிறோம்" என்றாள் அவள்.

"நான் ஏன் பேசறேன்? நான் பார்க்க மட்டும்தான் வரேன்."

*

டேங்கர்காரர் ஷெட் வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர், பனியனில் டீசல் கறை. மூன்று பேர் காலங்காத்தாலே வரிசையாக வருவதைப் பார்த்து வாயைக் கொப்பளித்தார்.

"என்ன தம்பி, குடும்பத்தோட? மிஷின் ஏதும் மக்கர் பண்ணுதா?"

ஸ்பிரிங் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றான். பார்க்க மட்டும் வந்த மேஸ்திரி பாய்ந்தான்.

"மிஷின் இல்ல பெரியவரே, மனுசன் மக்கர் பண்றான்! தொழில் பண்ணா தொழில்ல மோதணும். திருட்டுத்தனமா விளம்பரத்தை அமுக்கிக் காசைக் கரைக்கிறது ஆம்பளைத்தனமா?"

"எதை அமுக்குறது?"

"நடிக்காதீங்க!"

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு, நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு அமுக்குக்கும் காசு போவதையும், மார்க்கெட் பக்கமிருந்து தினமும் காலையில் அமுக்குவதையும் சொன்னாள். பெரியவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தபடி முழுவதும் கேட்டார்.

"அம்மா, எனக்கு வர்ற போனை எடுக்கவே என் பேத்தி சொல்லிக் குடுக்கணும். உன் பேரை நான் எங்கே போய்த் தேடி அமுக்குறது? உன் புருஷன் எடுக்க முடியாத தொட்டிக்கு என்னைக் கூப்பிடுறான். எனக்கு நுழையாத குழாய்க்கு நான் அவனைக் கூப்பிடுறேன். அவன் கடை மூடினா எனக்கென்ன லாபம்?"

"அப்போ இந்தப் பக்கத்துல வேற யாருண்ணே?" என்றான் ஸ்பிரிங்.

"மணி என்ன?"

"ஆறு தாண்டிடுச்சு."

"இப்படி வா. தினம் ஒரு கூத்து நடக்கும். எனக்கும் ரொம்ப நாளா அர்த்தம் புரியல."

ஷெட்டின் பின்சுவர் இடுப்புயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் மார்க்கெட்டின் மூட்டை இறக்குகிற களம். லாரிகள் பின்கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு லாரியை ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் போன். எல்லாரும் குனிந்திருந்தார்கள். எல்லாரிலும் உயரமான, நெட்டை என்று கூப்பிடுகிற வயசாளி, முன்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அமுக்கியாச்சா? டேய், மேஸ்திரி இன்னைக்கு வரலன்னு ஏமாத்தாதீங்கடா! ஆளுக்கொரு அமுக்கு! அந்தத் தங்கச்சி பொழைக்கணும்!"

"ஆச்சுண்ணே."

"எனக்கு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

"சுத்தட்டும், விடாத. வந்ததும் அமுக்கு."

பெரியவர் சுவரில் முழங்கையை ஊன்றினார். "நான் என்னமோ எல்லாரும் சேர்ந்து சாமி கும்பிடுறாங்கன்னு நினைச்சேன்."

அவள் தன் போனை எடுத்துத் தேடினாள். பெயர் மேலே நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி தேடினாள். இல்லை.

மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவர்மேல் கையைவைத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளாடா?" என்றாள்.

"நீ போட்ட அன்னிக்கிலேர்ந்து."

"யாருடா சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா. பள்ளிக்கூடத்துல என் பொண்ணு ஆடின வீடியோ போட்டாங்கல்ல, அதுக்கு எல்லாரையும் அமுக்கச் சொன்னேன். மேலே மேலே போச்சு. ஊரே பார்த்துச்சு. இதுவும் அப்படித்தான்னு... நேத்து நீ சொன்னப்பகூட, வேண்டாதவன் அமுக்கினாத்தான் காசு கரையும்னு நினைச்சேன்..." சுவரில் பெயர்ந்திருந்த காரையை விரலால் நோண்டினான். "விடியறதுக்கு முன்னாடியே வரச்சொல்லி, நிக்கவச்சு, தேடத் தெரியாதவனுக்கெல்லாம் நானே தேடிக் குடுத்து..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லிட்டுச் செஞ்சா அது உதவியாக்கா?"

அவளுக்கு வாயில் வசவு திரண்டு வந்தது. அதற்குள் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. ஸ்பிரிங் தரையில் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கயிறு இழுத்ததிலிருந்து வலிக்கிற தோள்பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்த்ததால் வசவு அவளுக்குள்ளேயே கரைந்தது.

"நீங்க என்ன சிரிக்கிறீங்க? நீங்க அமுக்கலியா?"

சிரிப்பு நின்றது. "நானா?"

"நீங்கதான். சொல்லுங்க."

"எப்பவாவது. வேலைக்குக் கிளம்பறப்ப. போட்டோவுல வேன் நல்லா இருக்கும்..."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மா, நீ எதிரியை வெளியில தேடவேண்டிய அவசியமே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டார். மேஸ்திரி அவர் காலில் விழாத குறை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்.

*

களத்தில் அவளே சொன்னாள். மேஸ்திரி பக்கத்தில் கைகட்டி நின்றான்.

நெட்டைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ நாங்க அமுக்காம இருக்கிறதுதான் உனக்கு உதவியா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"இது என்ன தொழிலும்மா, தொட்டா காசு போகுது, தொடலைன்னா வருது?"

"தேவைப்படுறவங்க தொட்டா வரும்ணே. தேவையில்லாதவங்க தொட்டா போகும்."

"நான் ரெண்டு தடவை அமுக்கினேன்" என்றான் பின்னாலிருந்து ஒருவன், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில். "முதல் தடவை சரியா விழலியோன்னு."

"போனதைப் பத்திப் பேச வேண்டாம்ணே. மனசு இருந்துச்சே உங்களுக்கு. அது போதும்."

மேஸ்திரிக்கு அது போதவில்லை. கைவண்டி ஒன்றை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினான். சோறு போடுகிற வண்டி, தொட்டுச் சத்தியம் பண்ணுங்கடா என்றான். ஒவ்வொருவராக வந்து கைப்பிடியைத் தொட்டார்கள். இனிமேல் அமுக்க மாட்டோம், என்ன ஆனாலும் அமுக்க மாட்டோம். கடைசியில் ஸ்பிரிங்கும் வரிசையில் நின்று தொட்டான்.

மறுநாள் காலை போன் அசையாமல் கிடந்தது. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. பெயர் அங்கேயே நின்றது. அவளுக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. யாருமே அமுக்கவில்லை என்றால்? பாத்திரம் கழுவினாள், துணியை அலசினாள், மழையில் காயாத துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். மதியம் ஒரு பல் வைத்தியர் கூப்பிட்டார். அடுத்த நாள் ஒரு பள்ளிக்கூடம். சனிக்கிழமை மழை வலுத்தது. இருட்டும்வரை வேன் நிற்கவில்லை. வேலை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டிவிடவில்லை. ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாரும் நிஜமாகவே அடைப்பு உள்ளவர்களாக இருந்தார்கள்.

அதில் ஒருத்தி, "உங்க ஆளு குழிக்குள்ள இறங்க மாட்டாராமே?" என்றாள்.

அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாம்மா."

"அதைப் படிச்சுத்தான் கூப்பிட்டேன். என் வீட்டு வாசல்ல யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது, பாருங்க."

*

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆள் சொன்னபடி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் டீ கொடுத்தாள். மறுபடி நிம்மதி பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாரம் நாலு வேலை வரும், மறுவாரம் ஈ ஓட்டணும், விளம்பரத்துக்கு எங்களோட போட்டி போட முடியுமா உங்களால, என்றெல்லாம் சொன்னார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவன் ஆட்டுகிற தலையைப் பார்த்துக்கொண்டு அவள் கதவருகே நின்றாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. நெட்டை. முழங்கால்வரை சேறு, தலையில் சாக்கு. மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, வீட்டுல சாக்கடை எதிர்த்துக்கிச்சு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து தண்ணி உள்ளே வருது. பொம்பளைங்க எல்லாம் கட்டில்மேல உட்கார்ந்திருக்காங்க."

"நேத்திலேர்ந்தா? ஒரு போன் பண்ணக்கூடாதாண்ணே?"

"நம்பர் என்கிட்ட ஏது? தேடினேன். உன் பேரு மேலேயே ஜம்முனு நிக்குது. விரலைக் கொண்டுபோயிட்டேன். அப்புறம்தான் வண்டியைத் தொட்டது ஞாபகம் வந்துச்சு. மேஸ்திரியைக் கேக்கலாம்னா, அவரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாரு, போன் போட்டாலும் எடுக்கல. சரின்னு விடிஞ்சதும் நடக்க ஆரம்பிச்சுட்டேன்."

"ஊர்க் கோடியிலேர்ந்தா?"

"கோடியிலேர்ந்துதான். பஸ்ல இந்தக் காலோட எவன் ஏத்துவான்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல் சந்தில் கசிந்தது. "அண்ணே, நீங்கதாண்ணே அமுக்கணும்! உங்களுக்காகத்தான் அந்த விளம்பரமே!"

"இப்ப சொல்லு" என்றார் நெட்டை.

கம்பெனி ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஸ்பிரிங் எழுந்துவிட்டான். "வாசல்ல குழி இருக்குல்ல அண்ணே? எவ்வளவு ஆழம்?"

"நல்ல ஆழம். ஆளே இறங்கலாம்."

ஸ்பிரிங் ஒரு கணம் நின்றான். பிறகு பின்வாசலுக்குப் போய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"ஆள் இறங்க வேண்டாம்" என்றான். "என்கிட்ட நீளம் இருக்கு."

கம்பெனி ஆளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை.

"சார், டீயைக் குடிச்சுட்டுப் போங்க. கதவைச் சும்மா சாத்தினாப் போதும், தாழ் போட வேண்டாம்."

வேனில் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். மழை விட்டிருந்தது. நெட்டை சாக்கை மடியில் மடித்துவைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேடினார். பெயர் வந்தது. விரலை மேலே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இப்ப அமுக்கலாமா தங்கச்சி? இப்பத்தான் எனக்கு நிஜமாவே அடைப்பு இருக்கே."

அவள் போனை வாங்கித் தன் நம்பரை அதில் ஏற்றிவைத்து, அணைத்து, அவர் பையிலேயே போட்டாள்.